எடைக்குப் போட்ட நகல்கள்

தம்பி,

அம்மா நன்றாக இருக்கிறாள். கடையும் ஓடுகிறது. எனக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, ஆனால் கல்லாவில் உட்கார்ந்து பண்ணுகிற வியாபாரத்துக்கு முழங்கால் அதிகம் தேவைப்படாது. போனில் பேசிக்கொண்டே இருக்கிறோமே, எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். நான் போனில் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். காகிதத்தில் எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது. படித்துவிட்டு உன்னோடு வேலை பார்க்கிறவர்களுக்கும் காட்டு. இதில் மறைக்க வேண்டியதை நானே விட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது இதுதான். உன் கம்பெனி புதிதாக ஒரு வெப்சைட் நடத்துகிறது, இளவட்டங்கள் அங்கே வந்து ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளலாம். அதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வந்துவிடுகிறார்கள் என்று புகார் வந்திருக்கிறது. அதனால் உன் முதலாளி, பதினெட்டு வயது ஆனவர்களை மட்டும் உள்ளே விட வேண்டும், வருகிற ஒவ்வொருவரும் ரேஷன் கார்டையோ லைசென்ஸையோ ஸ்கேன் பண்ணி அனுப்ப வேண்டும், நாம் அதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார். வேலையை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள். "சின்ன வேலைப்பா, ரெண்டு வாரத்துல முடிச்சிருவேன்" என்றாய். நானும் சந்தோஷம் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது, இந்த வேலையை உனக்கு முன்னால் நான் பண்ணியிருக்கிறேன் என்று. ஒத்தக்கடையில், சில கம்ப்யூட்டரையும் ஒரு ஜெராக்ஸ் மெஷினையும் வைத்துக்கொண்டு.

அப்போது நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்தாய். லீவுக்கு வந்தபோது நம் பிரவுசிங் சென்டரில் கேபின் கதவெல்லாம் காணாமல் போயிருந்ததைப் பார்த்து "ஏம்ப்பா கழட்டிட்டீங்க" என்று கேட்டாய். போலீஸ் சொன்னது என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை. சொல்கிற மாதிரியான விஷயமும் இல்லை அது.

முதலில் அந்தக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சைக்கிளில் பிளாஸ்டிக் குடம் விற்று, அதிலிருந்து எஸ்.டி.டி. பூத்துக்கு வந்தவன் என்பது உனக்குத் தெரியும். பூத்தில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம், கதவு நன்றாகச் சாத்துகிற பூத்துக்குத்தான் ஆள் வரும் என்பது. மஸ்கட்டில் இருக்கிற புருஷனோடு பேச வருகிற பெண்பிள்ளை நான்கு பேர் முன்னால் அழ முடியாது. அழாமல் பேசவும் அவளால் முடியாது. அவளுக்குக் கதவு வேண்டும். அந்த நினைப்பில்தான் பிரவுசிங் சென்டர் ஆரம்பித்தபோது ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் பிளைவுட் தடுப்பு அடித்து, கதவு வைத்து, உள்ளே தாழ்ப்பாளும் போட்டுக் கொடுத்தேன். கூட்டம் வந்தது. எல்லாரும் தப்புப் பண்ணத்தான் கதவைச் சாத்துகிறார்கள் என்று சொல்கிறவன் கடை வைத்துப் பார்க்காதவன். தனக்கு வந்த வியாதியைப் பற்றிப் படிக்க வந்தவர் உண்டு. வீட்டுக்குத் தெரியாமல் வேலைக்கு மனுப் போட வந்த மருமகள் உண்டு. கதவு அவர்களுக்கு ஒரு மரியாதை. ஆனால் அதே கதவுக்குப் பின்னால் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால் அது மரியாதை இல்லை, வேறு. அதை நான் யோசிக்கவில்லை.

செல்லூரிலிருந்து ஒரு பையன் வருவான். ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் தறி, அப்பா அம்மா இருவருக்கும் அதில்தான் வேலை. செல்லூரில் இல்லாத பிரவுசிங் சென்டரா? ஆனால் அங்கே போனால் தெருக்காரர்கள் பார்த்து வீட்டில் சொல்லிவிடுவார்கள் என்று பஸ் ஏறி ஒத்தக்கடைக்கு வருவான். சாதுவான பையன். காசைக் கையில் எண்ணிக் கொடுத்துவிட்டு, "வாரேண்ணே" என்று சொல்லிப் போவான். உள்ளே அவன் சாட்டில் ஒருவனோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறான். அந்த ஆள் தானும் ஒன்பதாம் வகுப்பு என்று சொல்லியிருக்கிறான், திருச்சியில் படிப்பதாகச் சொல்லியிருக்கிறான், இவனைப் போலவே கணக்கு வராது என்று சொல்லியிருக்கிறான். ஒருநாள் அழகர்கோவில் பஸ் நிறுத்தத்தில் சந்திக்கலாம் என்று ஏற்பாடு. பையன் போனான். வந்தவனுக்கு நாற்பது வயது இருக்கும். பையன் மறுநாள் காலையில்தான் வீட்டுக்கு வந்தான். என்ன நடந்தது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவன் அப்பா கடைக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்துக் கல்லாவை விட்டு எழுந்தேன். அவர் சண்டை போடவில்லை. பையன் உட்கார்கிற கேபினைக் காட்டச் சொன்னார். காட்டினேன். உள்ளே போய், கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வெளியே வந்தார்.

"உள்ள இருந்தா வெளிய ஒண்ணுமே தெரியல அண்ணாச்சி" என்றார்.

"ஆமாங்க."

"வெளிய இருந்தாலும் உள்ள தெரியாதுல்ல."

அவர் தாழ்ப்பாளை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"வீட்டுல நாங்க சௌராஷ்ட்ரா பேசுவோம். அவன் தமிழும் பேச மாட்டேங்கிறான், அதையும் பேச மாட்டேங்கிறான். நீங்க தப்புன்னு சொல்ல வரல. இந்தக் கதவை மட்டும் எடுத்துருங்க." சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் அந்தக் குடும்பம் செல்லூரை விட்டே போய்விட்டது என்று கேள்விப்பட்டேன்.

அதனால், தம்பி, பிள்ளைகளைப் பாதுகாக்கிறேன் என்று உன் முதலாளி சொல்வதை நான் கேலி பண்ணவில்லை. இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், அதுதான் சுதந்திரம் என்று உன் சிநேகிதர்கள் போன பொங்கலுக்கு நம் வீட்டில் உட்கார்ந்து பேசினார்களே, அவர்களை அந்தத் தறிக்காரர் முன்னால் நிறுத்தி அதைச் சொல்லச் சொல். ஆனால் ஒன்றைக் கவனி. அங்கே வயதை மறைத்தவன் பையன் இல்லை. பையன் ஒன்பதாம் வகுப்பு என்று உள்ளதைத்தான் சொன்னான். பொய் சொன்னவன் எங்கேயோ உட்கார்ந்திருந்த அந்த ஆள். அதற்கப்புறம் நாங்கள் போட்ட சட்டமெல்லாம் அந்த ஆளைத் தொடவே இல்லை.

மறுவாரமே சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். ஒத்தக்கடையிலிருந்த எல்லா சென்டர்காரர்களிடமும் சொன்னதைத்தான் என்னிடமும் சொன்னார். "கதவைக் கழட்டிருங்க அண்ணாச்சி. உள்ள வர்றவன் எவனா இருந்தாலும் புரூஃப் வாங்குங்க. ஒரு ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கங்க. நாளைக்கு ஒண்ணுன்னா எங்க கையில பேப்பர் வேணும்ல." அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கதவை அன்றைக்கே கழட்டினேன். திரையெல்லாம் கல்லாவைப் பார்க்கிற மாதிரி மேஜைகளைத் திருப்பிப் போட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பதினெட்டு ஆகாதவர்களும் எனக்கு நேர் எதிரே முன்வரிசையில்தான் உட்கார வேண்டும் என்று வைத்தேன். யாருடனும் சாட் பண்ணக் கூடாது, பண்ணினால் எழுப்பிவிடுவேன். இது அவ்வளவும் நன்றாகவே வேலை செய்தது. இதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூடத் தேவைப்படவில்லை. ஆனால் காகிதத்தையும் வாங்கினேன். ஜெராக்ஸ் மெஷின் நம்முடையது, ஒவ்வொரு நகலுக்கும் காசு வருகிறது. பாதுகாப்பும் ஆச்சு, வியாபாரமும் ஆச்சு என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அந்த நாட்களில் எனக்கு வந்த புரூஃப்களை நீ பார்த்திருக்க வேண்டும். மீசை அரும்பாத பயல் அண்ணன் லைசென்ஸைக் கொண்டு வருவான். ஒருத்தன் ஒரு ரேஷன் கார்டை நீட்டினான். பிரித்துப் பார்த்தேன்.

"இதுல வயசு அம்பத்தி ரெண்டுன்னு இருக்கேடா?"

"பெரியப்பாவோடதுண்ணே. அவருக்கு ஒரு மெயில் பாக்கணும், அதான் வந்தேன்."

"பெரியப்பாவுக்கு மெயில் எவன்டா போடுறான்?"

"அதத்தாண்ணே பாக்கணும்."

சிரித்துவிட்டு விரட்டிவிட்டேன். அடுத்த சென்டரில் அதே கார்டைக் காட்டி அவன் உள்ளே போயிருப்பான். வயதை நிரூபிக்கிறது என்றால் ஏமாற்றுவதும் கூடவே வரும். நீயும் அப்படிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவன்தான். உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனபோது ஹெட்மாஸ்டர் உன் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று அர்த்தம். உனக்கு ஒரு விரல்கடை எட்டவில்லை. நான் பின்னால் நின்றுகொண்டு, "தலையைக் கொஞ்சம் சாய்டா" என்றேன். சாய்த்தாய், எட்டிவிட்டது. ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உனக்கு ஒரு ஜூன் மாதப் பிறந்தநாளை எழுதிவிட்டார். அவர் கேட்டார், நீ காட்டினாய், அவர் பார்த்தார், அத்தோடு முடிந்தது. உன் காதை அவர் வாங்கி பீரோவில் வைத்துக்கொள்ளவில்லை. நான் வைத்துக்கொண்டேன், தம்பி. ஒத்தக்கடைப் பிள்ளைகளின் முகத்தையும் வீட்டு விலாசத்தையும் நகலெடுத்து, கோணிக் கயிற்றில் கட்டி, பரணில் போட்டு வைத்தேன்.

இப்போது சொல்லப்போகிற பிள்ளையின் பெயரை எழுத மாட்டேன். ஊர்ப் பெயரையும் எழுத மாட்டேன். மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். அவள் தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அப்பா கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்து விவசாயம் பார்த்தார். அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகக் காலேஜுக்குப் போனவள் அவள்தான். முதலாம் ஆண்டு, கம்ப்யூட்டர் பாடம். காலேஜ் லேபில் மூன்று பேருக்கு ஒரு சிஸ்டம், அதனால் சாயங்காலம் பஸ்ஸுக்கு முன்னால் அரைமணி நேரம் நம் கடையில் உட்கார்ந்து டைப் பண்ணிப் பழகுவாள். முதல் நாள் புரூஃப் கேட்டேன். காலேஜ் அடையாள அட்டையைக் கொடுத்தாள். போட்டோ, பெயர், பிரிவு, விலாசம், பிறந்த தேதி, போன் நம்பர் எல்லாம் அதில் இருந்தது. நம்பர் அவர்கள் வீட்டு நம்பர் இல்லை. ஊரில் ஒரு பெரிய வீட்டில் மட்டும்தான் போன், அவசரத்துக்கு அங்கே கூப்பிட்டுச் சொன்னால் ஆள் அனுப்பிச் சொல்வார்கள். கணக்குப் பார்த்தால் பதினெட்டுக்கு இன்னும் சில மாதம் இருந்தது.

"பதினெட்டு ஆகலையே பாப்பா. முன்வரிசையிலதான் உக்காரணும்."

"எனக்கு அதுதான் அண்ணாச்சி நல்லது. புரூஃப் கேக்குற கடைன்னுதான் அப்பா இங்க அனுப்புனாரு."

ஜெராக்ஸ் எடுத்து, பின்பக்கத்தில் நேரத்தைக் குறித்து, சிவப்பு மையில் '18க்குக் கீழ்' என்று எழுதினேன். கவனமாக இருக்கிறேனாம். ஒன்றைக் கேள். பொய்ப் புரூஃப் கொடுத்த பயல்களின் நகல் எங்கே போனாலும் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது, அதில் இருப்பது அண்ணன் முகமும் பெரியப்பா பெயரும். உண்மையைக் கொடுத்தவர்கள்தான் அந்தக் கட்டுக்குள் நிஜமாகவே இருந்தார்கள்.

ஆயுத பூஜை வந்தது. பூஜைக்கு முன்னால் கடையைக் கழுவி, வெள்ளையடித்து, பழைய காகிதத்தை எடைக்குப் போடுவது நம் வழக்கம். எந்தக் கடைக்காரனும் காகிதத்தை எரிக்க மாட்டான், கிழித்தும் போட மாட்டான். கிழித்தால் பேப்பர்க்காரர் விலையைக் குறைத்துவிடுவார், முழுத்தாளாக இருந்தால்தான் பொட்டலத்துக்கு ஆகும். அம்மா பரணிலிருந்து கட்டுகளை இறக்கிப் போட்டு, "இது வேணுமாங்க?" என்று கேட்டாள். "பழசுதான், போடு" என்றேன். பழைய பில், பழைய காலண்டர், அதோடு பிள்ளைகளின் நகல்களும் தராசில் ஏறின. இன்னொருவரின் சாமான் என்னிடம் இருக்கிறது என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. என் கடையில் என் மெஷினில் எடுத்த காகிதம், அதனால் என் காகிதம். அவ்வளவுதான் என் புத்தி.

தீபாவளிக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அந்தப் பிள்ளை கடைக்கு வந்தாள். உட்காரவில்லை. கைக்குட்டைக்குள் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்துக் கல்லாவில் வைத்தாள். எண்ணெய் ஊறி, மஞ்சளாகிப் போயிருந்தது. அவள் முகம் அதில் நன்றாகத் தெரிந்தது.

"இது உங்க எழுத்துதானே அண்ணாச்சி?"

புரட்டிப் பார்த்தேன். என் எழுத்துதான். சிவப்பு மை மட்டும் எண்ணெயில் இளகியிருந்தது.

பஸ் நிறுத்தத்தில் பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாள் அது. வாங்கிய பயல்கள் பிரித்துப் பார்த்து, முகத்தை அடையாளம் கண்டுபிடித்து, நம்பரை எழுதிக்கொண்டு, அவள் பஸ் ஏறும்போது தாளை அவள் புத்தகத்தின் மேல் போட்டுவிட்டார்கள். "பதினெட்டு ஆகலையாம்ல, எப்ப ஆகும்?" என்று பஸ்ஸில் அவ்வளவு பேர் முன்னால் கேட்டிருக்கிறான் ஒருத்தன். அதோடு விடவில்லை. அந்தப் பெரிய வீட்டுக்கு போன் போட்டு அவளைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள், ஒருத்தன் மாற்றி ஒருத்தன். யார் நிலத்தில் அவள் தாத்தா கூலிக்கு நின்றாரோ அந்த வீட்டுக்கு. அவர்கள் ஆள் அனுப்பி அவள் அப்பாவை வரவழைத்து, வாசலில் நிறுத்தி, "காலேஜுக்கு அனுப்புன லட்சணம் இதுதானா" என்று கேட்டிருக்கிறார்கள்.

"நான் யாருக்கும் நம்பர் குடுக்கல அண்ணாச்சி. அப்பா நம்ப மாட்டேங்கிறாரு. நம்பர் அவனுங்களுக்கு எப்படிப் போச்சுன்னுதான் கேக்குறாரு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும். நாளைக்கு எனக்கு பீஸ் கட்ட கடைசி நாளு. கட்ட மாட்டேங்கிறாரு."

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அன்றைக்கே நான் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "நீ போ தாயி, நான் வாரேன்" என்றேன். அவள் பஸ் ஏறினாள். நான் என்ன பண்ணினேன் என்றால், பேப்பர்க்காரரிடம் போனேன். நான் வியாபாரி, தம்பி. சரக்கு தப்பான இடத்துக்குப் போய்விட்டால் முதலில் சரக்கைத் திருப்பி வாங்குவதுதான் எனக்குத் தெரியும். மற்ற பிள்ளைகளின் தாளும் வெளியே போவதற்குள் எல்லாவற்றையும் வாங்கிவிட வேண்டும் என்று பதறினேன்.

"எம்புட்டு வேணும் அண்ணாச்சி? உங்க சரக்கு நல்ல சரக்கு, ஒரு பக்கம் வெள்ளையா இருக்கும். உடனே போயிரும்" என்றார் அவர்.

"யார் யாருக்குப் போச்சு?"

"அத எப்படிச் சொல்ல? வடைக்காரரு, பூக்காரம்மா, கடலைக்காரன், எல்லாந்தான். மேலூருக்கும் ஒரு மூட்டை போச்சு."

மிச்சமிருந்த மூட்டைகளை விலைக்கு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து பிரித்தேன். கொஞ்சம் கிடைத்தது. மீதி ஊருக்குள் கைக்குக் கை போய்விட்டது. எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. நான் நிமிர்ந்து பார்க்கும்போது கிராமத்துக்குக் கடைசி பஸ் போயிருந்தது. சரி, காலையில் போகலாம் என்று வீட்டுக்கு வந்தேன்.

காலையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுதும் கேட்டார்.

"ராத்திரியே பேசி முடிச்சாச்சு அண்ணாச்சி. அவ அத்தை திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கு. ஊருக்கு வந்திருந்த மச்சான் விடியக்காலம் அங்க வேலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு."

"நான் நேத்து வந்துருக்கணும்ங்க."

"நீங்க நல்ல மனுசன்தான். இப்ப எனக்குப் புரியுது, பிள்ளை மேல தப்பில்ல."

"அப்ப கூப்பிட்டு வந்துருங்க. பீஸ் நான் கட்டுறேன். அந்தப் பெரிய வீட்டுக்கும் நானே போய் என் தப்புன்னு சொல்றேன்."

அவர் அவசரமாகக் கையை ஆட்டினார். "அது மட்டும் வேணாம். நீங்க ஒரு தடவை போய்ச் சொல்லிட்டுப் போயிருவீங்க. அவங்க அத ஊரு பூரா பத்துத் தடவை பேசுவாங்க. ஜெராக்ஸு, பஜ்ஜின்னு நீங்க சொல்றது யாரு காதுல ஏறும்? காலேஜுப் பிள்ளைக்கு போன் வந்துச்சுங்கிறது மட்டுந்தான் நிக்கும். பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான கடைன்னு நாந்தான் உங்ககிட்ட அனுப்புனேன். போயிட்டு வாங்க."

அம்மாவும் நானும் பஸ்ஸில் திரும்பினோம். நிறுத்தம் வந்து இறங்கும்போது அவள், "அந்த மூட்டையை இன்னைக்குப் பிரிச்சிருந்தா என்ன?" என்றாள்.

அதற்கப்புறம் ஜெராக்ஸ் எடுப்பதை நிறுத்தினேன். சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். கார்டைப் பார்க்கிறேன், பார்த்துவிட்டுக் கையில் கொடுத்துவிடுகிறேன், சின்னப் பிள்ளைகளை என் கண் முன்னால் உட்கார வைக்கிறேன், இதற்கு மேல் வேண்டுமென்றால் ஒரு கான்ஸ்டபிளை இங்கேயே உட்கார வையுங்கள் என்றேன். அவருக்குக் கோபம்தான். "அண்ணாச்சி, நாளைக்கு ஒரு பிள்ளை காணாமப் போனா உங்களத்தான் கேப்பேன்" என்றார். அதுவும் நியாயம்தான். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற இடத்தில் என்னால் கடை நடத்த முடியவில்லை. சில மாதம் ஓட்டிவிட்டு சென்டரை மூடி செல்போன் கடையாக மாற்றினேன். வியாபாரம் குறைந்ததால் மூடினேன் என்று உன்னிடம் சொன்னது பாதிதான் உண்மை.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது, காகிதம் தெரியும். உனக்குத் தெரிய வேண்டியது ஒருவனுக்குப் பதினெட்டு ஆகிவிட்டதா இல்லையா என்பதுதான். ஆம், இல்லை என்ற ஒரு பதில் அது. அதற்கு எதற்கு அவன் அப்பா பெயர், தெரு, கதவு இலக்கம்? கேட்பதென்றால் அளவாகக் கேள். பார்த்தால் பார்த்ததோடு விட்டுவிடு. வைத்துக்கொண்டால்தான் முதலாளிக்கு நிம்மதி என்பார்கள். வைத்திருப்பவனுக்கு நிம்மதி, கொடுத்தவனுக்கு இல்லை. உன் கம்பெனியை நாளைக்கு வேறொருவன் வாங்குவான், அல்லது மூடுவார்கள். மூடுகிற அன்றைக்கு நம் பரணிலிருந்ததைப் போல அங்கேயும் ஒரு கட்டு இருக்கும். அன்றைக்கும் யாராவது "இது வேணுமா" என்று கேட்பார்கள், யாராவது "பழசுதான், போடு" என்பார்கள். என்னுடைய மூட்டை மேலூரோடு நின்றது. உன்னுடையது எங்கே நிற்கும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. அதற்காகக் கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்துவிடு என்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் பேசுகிற இடத்தில் கண் வைத்துப் பார்க்க ஆளைப் போடு. சம்பளம் கொடுத்துப் போட வேண்டும், உன் முதலாளிக்குக் கசக்கும். காகிதம் வாங்குவது சுலபம், கவனிப்பதுதான் செலவு. அதனால்தான் எல்லோரும் காகிதம் வாங்குகிறோம்.

போன மாதம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கடைக்கு ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து சிம் கார்டு வேண்டும் என்றாள். தலையைக் குனிந்து பில் புத்தகத்தில் எழுதிக்கொண்டே "போட்டோவும் புரூஃபும் குடும்மா" என்றேன். நிமிர்ந்தேன். அவள்தான். இளைத்திருந்தாள். என்னைத் தெரிந்துதான் வந்தாளா, இது என் கடை என்று தெரியாமல் வந்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு லைசென்ஸையும் ஒரு போட்டோவையும் வைத்தாள். புருஷனுடையது.

"சிம்மு யாருக்கு தாயி?"

"எனக்குத்தான்."

"அப்ப உன் பேர்லயே எடுத்துக்க. ஓட்டு அட்டை இருந்தாப் போதும்."

"எனக்கு அதெல்லாம் இல்ல அண்ணாச்சி. ரேஷன் கார்டுலயும் சேக்க வேணாம்னுட்டேன். என் பேரு ஒண்ணுலயும் வேணாம்."

குழந்தை மேஜையிலிருந்த பேனாவுக்குக் கை நீட்டியது. அவள் அதன் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். நான் லைசென்ஸை ஜெராக்ஸ் மெஷினில் வைக்கப் போனேன். வைக்காமல் சிம் தர முடியாது, கம்பெனி சட்டம், அரசாங்கச் சட்டம். மூடியைத் திறந்தபோது அவள் கேட்டாள்.

"இது எங்க போவும்?"

"கம்பெனிக்கு அனுப்பிருவேம்மா."

"அப்புறம்?"

சத்தமாகக் கேட்கவில்லை. குத்திக் காட்டவும் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். தெரியாது என்று சொன்னேன். அவள் என் கையிலிருந்த லைசென்ஸையும் மேஜையிலிருந்த போட்டோவையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, சிம் வாங்காமலே படியிறங்கிப் போய்விட்டாள்.

நீ கட்டப்போகிற அந்த வெப்சைட்டில் ஒரு பிள்ளை தன் அட்டையை ஸ்கேன் பண்ணி அனுப்புகிறபோது, அப்புறம் என்று கேட்க அதற்கு எதிரே ஆள் இருக்காது. கேட்காது, நம்பி அனுப்பிவிடும். ஆகவே நீ கேள். உன் முதலாளியிடம் கேள், உன் மேலதிகாரியிடம் கேள். அவர்களிடம் பதில் இருந்தால் வேலையை முடித்துக் கொடு. தெரியாது என்றால், வாங்காதே.

அப்பா